பிடித்த டெக்னாலஜியில் வேலை: எந்த வழியில் தேடுவது?

"இனி ரஸ்ட்டில்தான் வேலை", "பிஎச்பி பக்கமே திரும்ப மாட்டேன்", "எலிக்ஸிரில் ஒரு ரிமோட் வேலை கிடைத்தால் போதும்" என்றெல்லாம் ஒரு புரோகிராமிங் மொழியை வைத்து முடிவெடுப்பது எளிது. வேலைத் தளங்கள் அந்தக் கணக்கில் கட்டப்படவில்லை என்பது தேட உட்கார்ந்த பிறகுதான் தெரியும். பதவிப் பெயர், ஊர், அனுபவம், சம்பளம் என்றுதான் அவை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. எந்த மொழி, எந்த ஃப்ரேம்வொர்க் என்பது விளம்பரத்தின் நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும்.

முன்பு இதற்கென்றே இரண்டு நல்ல இடங்கள் இருந்தன. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் வேலைப் பகுதியில் பிடித்த டேக் (டெக்னாலஜியின் பெயர்ச்சீட்டு), பிடிக்காத டேக் இரண்டையும் கொடுத்துச் சலித்துக்கொள்ளலாம். பிடிக்காததைச் சொல்ல இடம் கொடுத்ததுதான் அதன் பெரிய வசதி. 2022 மார்ச் 31 அன்று அதை மூடிவிட்டார்கள். கோட் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் வேலைப் பலகை அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், போய்விட்டது. இப்போது நான்கைந்து வழிகளைக் கலந்துதான் தேட வேண்டியிருக்கிறது. எல்லா வழியும் எல்லோருக்கும் சரிப்படாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விரும்பும் டெக்னாலஜி எவ்வளவு பரவலானது என்பதுதான் வழியைத் தீர்மானிக்க வேண்டும். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் வேலைகள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் உங்களுக்கு ஏற்றதைச் சலித்தெடுப்பதுதான் பாடு. குளோஜர், ஓகேமல், எலிக்ஸிர் என்றால் வேலைகளே கொஞ்சம். அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பாடு. இரண்டுக்கும் லிங்க்ட்இன்னில் ஒரே மாதிரி கீவேர்ட் போட்டுத் தேடிக்கொண்டிருந்தால் வாரக்கணக்கில் நேரம் போகும். நடுவில் இருக்கும் கோ, கோட்லின், ரஸ்ட் போன்றவற்றுக்கு இரண்டு பக்கத்து முறைகளும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும்.

பொது வேலைத் தளங்கள்: கடல்தான், ஆனால் வலை சரியாக இருக்க வேண்டும்

லிங்க்ட்இன், இன்டீட் போன்றவற்றின் பலம் எண்ணிக்கை. பலவீனமும் அதுவேதான். அங்கே வரும் ஜேடிகளில் (வேலை விவரக் குறிப்புகளில்) பலவற்றை எழுதுவது எச்.ஆர். அல்லது ரெக்ரூட்டர். குழுத் தலைவர் அனுப்பிய குறிப்பை பழைய ஜேடி ஒன்றில் ஒட்டி ஏற்றிவிடுவார்கள். 2020இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும்: ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கில் 4 ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டது ஒரு விளம்பரம். அதை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், தானே அதைத் தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது, ஆகவே தன்னாலும் விண்ணப்பிக்க முடியாது என்று ட்விட்டரில் எழுதினார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜேடியில் இருக்கும் டெக்னாலஜிப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

முதல் தொல்லை, பெயர்களே. 'கோ' என்று தேடினால் ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் வரும் விளம்பரமெல்லாம் வந்து குவியும். 'கோலாங்' என்று தேட வேண்டும். 'ஸ்விஃப்ட்' என்று போட்டால் ஐஓஎஸ் வேலைகளோடு வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வேலைகளும் கலந்து வரும். ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட சி, ஆர் மொழிக்காரர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். இதற்கு எளிய மருந்து, மொழியின் பெயரை விட்டுவிட்டு அதன் சுற்றத்தை, அதாவது அதோடு சேர்ந்து வரும் லைப்ரரி, ஃப்ரேம்வொர்க் பெயர்களைத் தேடுவது. ரஸ்ட்டுக்கு டோக்கியோ, ஆக்ஸம். எலிக்ஸிருக்கு ஃபீனிக்ஸ், ஓடிபி. இந்தச் சொற்களைப் போட்டு ஒரு ஜேடி வந்தால் அதை எழுதியவர், அல்லது எழுதியவருக்குச் சொன்னவர், அந்த மொழியில் உண்மையிலேயே வேலை செய்கிறார் என்று ஓரளவு நம்பலாம். AND (ஆண்ட்), OR (ஆர்), NOT (நாட்) சேர்த்துத் தேடும் வசதி லிங்க்ட்இன்னில் உண்டு. அந்த நாட்-ஐப் பயன்படுத்துங்கள். பிடிக்காத டேக் போட்ட காலத்தின் மிச்சம் அது ஒன்றுதான்.

பரவலான மொழிக்காரர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. 'பைத்தான் வேலை' என்று ஒரு வேலை கிடையாது. ஜாங்கோ, ஃபாஸ்ட்ஏபிஐ என்றால் வெப் பேக்எண்ட் (சர்வர் பக்க வேலை). பைஸ்பார்க், ஏர்ஃப்ளோ என்றால் டேட்டா இன்ஜினியரிங். பைடார்ச் என்றால் மெஷின் லேர்னிங். பைடெஸ்ட், செலினியம் என்றால் டெஸ்டிங். நான்குக்கும் விளம்பரத்தில் பைத்தான் என்றுதான் இருக்கும். ஆனால் காலையில் உட்கார்ந்தால் செய்யும் வேலை நான்கும் நான்கு விதம். பைத்தான் பிடிக்கும் என்று சொல்பவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். பல சமயம் பிடித்திருப்பது மொழியே அல்ல, அதை வைத்துச் செய்த ஒரு வகை வேலை. அப்படியென்றால் மொழியைத் தளர்த்திக்கொண்டு வேலை வகையை இறுக்கிப் பிடிப்பது நல்லது.

சரி, ஒரு ஜேடியை எப்படிப் படிப்பது? இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஜாவா, கோ, பைத்தான் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் 5 ஆண்டு அனுபவம். மைக்ரோசர்வீஸ், காஃப்கா, ஏடபிள்யூஎஸ் தெரிந்திருக்க வேண்டும். ரஸ்ட் தெரிந்தால் கூடுதல் சிறப்பு."

ரஸ்ட் தேடுபவர் கண்ணில் கடைசி வரி மட்டும்தான் படும். அதை நம்பி விண்ணப்பிக்கக் கூடாது. 'ஏதேனும் ஒன்றில்' என்று இருந்தால் அவர்களுக்கு வேண்டியது நல்ல பேக்எண்ட் ஆள். மொழியை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முதலில் நிற்கும் பெயர்தான் பெரும்பாலும் அங்கே அதிகம் இருக்கும் கோட். ஜாவா உலகத்தில் அதிகம் புழங்கும் காஃப்காவும் பக்கத்தில் இருப்பதால் ஜாவாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசி வரி ரஸ்ட், குழுவில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு எழுதிய ஒரு சின்ன டூலாக இருக்கலாம். அடுத்த ஆண்டுக்கான திட்டமாகவும் இருக்கலாம். ஒட்டிய ஜேடியின் பழைய வால் என்பதும் நடக்கக்கூடியதே. எது என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு: அதே நிறுவனத்தின் மற்ற ஓப்பனிங்குகளைத் திறந்து பாருங்கள். அதே வரி எல்லாவற்றிலும் அச்சடித்தாற்போல் இருந்தால் அது டெம்ப்ளேட். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்ற பகுதியில், "எங்கள் ஸ்டோரேஜ் லேயரை ரஸ்ட்டில் எழுதுவீர்கள்" என்கிற மாதிரி ஒரு வேலையோடு சேர்ந்து மொழியின் பெயர் வந்தால் அதை நம்பலாம். வேலை விவரத்தில் வரும் டெக்னாலஜிக்கு முழு மதிப்பெண், தகுதிப் பட்டியலில் வருவதற்குப் பாதி, 'தெரிந்தால் சிறப்பு' என்பதற்குப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது.

சமூகத்துக்குள் தேடுவது

பைத்தான் மொழியின் அதிகாரபூர்வத் தளத்திலேயே ஒரு வேலைப் பலகை இருக்கிறது. வரும் விளம்பரங்களைத் தன்னார்வலர்கள் பார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள். ரஸ்ட்டுக்கு 'திஸ் வீக் இன் ரஸ்ட்' என்ற வாரச் செய்திமடலில் வேலைப் பகுதி உண்டு. எலிக்ஸிர், குளோஜர் ஆட்களுக்கு அவரவர் கூடும் இடங்களில் வேலைக்கென்று தனிப் பகுதிகள் இருக்கின்றன.

மொழி சாராத, ஆனால் அதே குணமுள்ள இன்னொரு இடம் ஹேக்கர் நியூஸ் என்ற டெக் விவாதத் தளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் வரும் 'யார் ஆள் எடுக்கிறார்கள்' இழை. நிறுவனத்தில் இருப்பவர்தான் அங்கே எழுதலாம். ரெக்ரூட்டிங் ஏஜென்சிகளுக்கு இடமில்லை. ஊர் எது, ரிமோட் உண்டா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். பல பதிவுகளை நிறுவனரோ அந்தக் குழுவின் இன்ஜினியரோ எழுதுவதால், ஸ்டாக் (அங்கே பயன்படுத்தும் மொழி, டூல்களின் தொகுப்பு) என்ன என்பது முதல் இரண்டு வரியிலேயே வந்துவிடும். வேலை தேடுபவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ள அதன் கூடவே தனி இழை ஒன்றும் வரும். அதில் எழுதுவதற்குச் செலவு பத்து நிமிடம். எழுதாமல் விட ஒரு காரணமும் இல்லை.

இந்த வழியின் குறை, அளவு. அபூர்வ மொழி ஒன்றில் ஒரு வாரத்துக்கு வரும் ஓப்பனிங்குகளை ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். அதில் ஜூனியர்களுக்கான இடம் இன்னும் குறைவு. சிறிய நிறுவனங்கள் ஆள் எடுத்துப் பழக்க நேரமில்லாமல் அனுபவசாலிகளையே கேட்கும். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். பொதுத் தளத்தில் ஒரு ஜாவா வேலைக்கு வந்து குவியும் ரெஸ்யூமேக்களில் உங்களுடையது ஒன்று. சமூகப் பலகையில் விண்ணப்பிப்பவர்களும் கொஞ்சம்தான், படிப்பவரும் விஷயம் தெரிந்தவர். அங்கே போட்ட ஒரு விண்ணப்பம் வீண்போவது அரிது என்பது என் எண்ணம்.

தலைகீழாகத் தேடுவது: முதலில் நிறுவனம், அப்புறம் ஓப்பனிங்

எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள வழி இதுதான். அதிக வேலை வைப்பதும் இதுதான். வேலைகளைத் தேடாமல், உங்களுக்குப் பிடித்த டெக்னாலஜியை வைத்து உண்மையாகவே தொழில் நடத்தும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறீர்கள். பிறகு அவற்றின் வேலைப் பக்கங்களைக் கண்காணிக்கிறீர்கள். இன்று ஓப்பனிங் இல்லையென்றாலும் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.

சில மொழிகளுக்கு இந்தப் பட்டியல் ஊரறிந்தது. ஓகேமல் என்றால் டிரேடிங் நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட். குளோஜர் என்றால் பிரேசிலின் டிஜிட்டல் வங்கியான நூபேங்க். அந்த மொழியை வளர்த்த காக்னிடெக்ட் நிறுவனத்தையே 2020இல் அது வாங்கிவிட்டது. எர்லாங் என்றால் வாட்ஸ்அப். ரூபி ஆன் ரெயில்ஸ் என்றால் ஷாப்பிஃபை, கிட்ஹப். இவை எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் என்பதால் அங்கே போட்டியும் அதிகம். பட்டியலின் மதிப்பு இவற்றுக்கு அடுத்த வரிசையில் இருக்கிறது: பெயர் கேள்விப்படாத, ஆனால் அதே மொழியில் முழு சிஸ்டத்தையும் ஓட்டும் நடுத்தர நிறுவனங்கள். அவர்களை எங்கே பிடிப்பது? மொழிக்கான மாநாடுகளின் ஸ்பான்சர் பட்டியலைப் பாருங்கள். பணம் கொடுத்து அங்கே பெயர் போடுபவர்களில் பலர் வருவதே ஆள் தேடித்தான். மாநாட்டில் பேசியவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். பல மொழிகளின் தளங்களில் 'புரொடக்‌ஷனில் பயன்படுத்துபவர்கள்' என்றே, அதாவது நிஜ சேவைகளில் அந்த மொழியை ஓட்டுபவர்களுக்கென்றே, பக்கம் இருக்கும்.

இன்ஜினியரிங் பிளாக்குகளும் நல்ல தடயம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சாட் செயலி நடத்தும் டிஸ்கார்ட் 2020இல் எழுதிய கட்டுரை ஒன்று பரவலாகப் படிக்கப்பட்டது. எந்தச் செய்தி வரை படித்திருக்கிறீர்கள் என்று கணக்கு வைக்கும் அவர்களது சர்வீஸ் கோ-வில் இருந்தது. பயன்படாத மெமரியைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரால் சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை தாமதம் எகிறியது. அதை ரஸ்ட்டில் மாற்றி எழுதினார்கள். படிப்பவர் மனதில் 'டிஸ்கார்ட் ஒரு ரஸ்ட் நிறுவனம்' என்று பதிந்துவிடும். ஆனால் அது ஒரே ஒரு சர்வீஸின் கதை. அவர்களது நிகழ்நேரச் செய்திப் பகுதியின் முதுகெலும்பு எலிக்ஸிர், ஏபிஐ பைத்தான். பிளாக்கில் எழுதுவது எப்போதும் புதிய விஷயத்தைத்தான். பத்து ஆண்டாக அமைதியாக ஓடும் கோட் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. சேர்ந்த பிறகு உங்கள் கைக்கு வருவது அதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே பட்டியலில் ஒரு பெயரை ஏற்றுவதற்கு முன் இரண்டாவது சாட்சி தேடுங்கள். நிறுவனத்தின் கிட்ஹப் கணக்கில் எந்த மொழி ரெப்போக்கள் (கோட் தொகுப்புகள்) இருக்கின்றன என்பதைவிட, எதில் கடைசி கமிட் (பதிவான மாற்றம்) எப்போது என்று பார்ப்பது பயன் தரும். மூன்று ஆண்டு முன்பு நின்றுபோன ரஸ்ட் ரெப்போவும் போன வாரம் தொட்ட கோ ரெப்போவும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். அங்கே வேலை செய்யும் இன்ஜினியர்கள் தங்கள் புரொஃபைலில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது இன்னொரு சாட்சி. ஸ்டாக்ஷேர் போன்ற தளங்களில் நிறுவனவாரியாக ஸ்டாக் விவரம் கிடைக்கும், ஆனால் பல பழசாகி இருக்கும். வாப்பலைசர், பில்ட்வித் போன்ற டூல்கள் இணையதளத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்பவை. ஃப்ரன்ட்எண்ட் ஆட்களுக்கு அவை போதும், ரியாக்டா வ்யூவா என்று தெரிந்துவிடும். உள்ளே டேட்டா எந்த மொழியில் ஓடுகிறது என்பது அவற்றின் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாது.

கண்காணிக்க ஒரு வழி. ஏராளமான நிறுவனங்கள் தங்கள் ஓப்பனிங்குகளை கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி போன்ற ஆள்சேர்ப்பு மென்பொருள்களில்தான் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கங்கள் பொதுவெளியில் இருப்பவை. கூகுளில் தேடலை அந்தத் தளத்துக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தி, கூடவே மொழியின் சுற்றச் சொற்களைக் கொடுத்தால், பொதுத் தளங்களில் கண்ணில் படாத ஓப்பனிங்குகள் நேரடியாகக் கிடைக்கும். கூகுள் அலர்ட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த முறை சரிப்படாது. ரஸ்ட் ஃபவுண்டேஷனை 2021இல் தொடங்கிய உறுப்பினர்களில் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசானின் ஏடபிள்யூஎஸ் எல்லாம் உண்டு. அதற்காக அங்கே சேர்ந்தால் ரஸ்ட் எழுதலாம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த அளவு நிறுவனங்களில் குழுதான் நிறுவனம். குழு எது என்று தெரியாமல் ஆஃபர் வாங்கினால் மொழி உங்கள் கையில் இல்லை.

ஓப்பன் சோர்ஸ், ரெக்ரூட்டர்

ஓப்பன் சோர்ஸில் பங்களித்து வேலை வாங்குவது எல்லோரும் சொல்லும் அறிவுரை. எல்லோருக்கும் பலிப்பதில்லை. எங்கோ ஒரு லைப்ரரியில் எழுத்துப்பிழை திருத்தினால் வேலை வராது. பொருளே ஓப்பன் சோர்ஸாக இருக்கும் நிறுவனங்களில் இது நன்றாக வேலை செய்யும்: கிராஃபானா என்றால் கோ, கிளிக்ஹவுஸ் என்றால் சி++. அங்கே உங்கள் புல் ரிக்வெஸ்ட்டை (நீங்கள் அனுப்பும் கோட் மாற்றத்தை) பார்த்துக் கருத்துச் சொல்பவர், நாளை உங்கள் பக்கத்தில் உட்காரக்கூடியவர். ஆனால் மாதக்கணக்கு ஆகும். அடுத்த மாதம் வேலை வேண்டும் என்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

ரெக்ரூட்டர்களைப் பொறுத்தவரை, ஒரே மொழியில் மட்டும் ஆள் எடுத்துக் கொடுப்பவர் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவையும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஒன்றாக நினைப்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

இருக்கும் இடத்திலேயே மாறுவது

இதைத் தேடல் என்றே பலர் எண்ணுவதில்லை, ஆனால் ஒப்பீட்டில் சேர்க்காமல் விட முடியாது. சில டெக்னாலஜிகள் பழையதோடு ஒரே புராஜெக்டில் குடித்தனம் நடத்தக்கூடியவை. ஜாவா கோப்புக்குப் பக்கத்தில் கோட்லின் கோப்பு வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு கோப்பாக டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றலாம். சி கோட் நடுவே ரஸ்ட் வரலாம். லினக்ஸ் கெர்னலே 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்குக் கதவைத் திறந்தது. உங்கள் ஆசை இந்த வகையைச் சேர்ந்தது என்றால், டெஸ்ட் கோடிலோ உள் டூல் ஒன்றிலோ தொடங்குவது எந்த வேலைத் தளத்தையும்விட வேகமானது. அடுத்த ரெஸ்யூமேயில் 'புரொடக்‌ஷனில் பயன்படுத்தியிருக்கிறேன்' என்று எழுதும் உரிமையும் கிடைக்கும். அபூர்வ மொழி வேலைகளில் முதல் தடை அந்த ஒரு வரிதான். ஆனால் ரெயில்ஸில் ஓடும் நிறுவனத்தில் இருந்துகொண்டு எலிக்ஸிருக்கு ஆசைப்பட்டால் இது நடக்காது. முழு சர்வீஸையே மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு மேனேஜர் தலையசைக்கக் காரணமில்லை.

அப்படியென்றால் யார் எதை எடுப்பது? முதல் வேலை தேடுபவர் பொதுத் தளங்களில் தேடட்டும், மொழியைப் பற்றிய பிடிவாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும். முதல் இரண்டு ஆண்டில் நல்ல கோட் ரிவ்யூ செய்யும் சீனியர் கிடைப்பது பிடித்த மொழி கிடைப்பதைவிடப் பெரியது. பரவலான மொழியில் நாலைந்து ஆண்டு போட்டவர், பொதுத் தளத்தில் சுற்றச் சொற்களை வைத்து ஒரு பக்கம், நிறுவனப் பட்டியல் இன்னொரு பக்கம் என்று ஓட்டலாம். அபூர்வ மொழிக்காரர் பொதுத் தளங்களில் அலர்ட் மட்டும் போட்டுவிட்டு, தன் நேரத்தைச் சமூகத்திலும் பட்டியலிலும் செலவிடுவது மேல். அவர் இடம் மாறவும் தயாராக இருக்க வேண்டும், அல்லது ரிமோட்டை மட்டுமே நம்ப வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும், நேர்காணலில் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் ஆஃபரை ஏற்க வேண்டாம். டெக்னாலஜியின் பெயர் மட்டும் போதாது, பதிப்பையும் கேளுங்கள். 'ஆங்குலர்' என்று சொல்லிக் கூப்பிட்டு, 2021 டிசம்பர் 31 அன்றே ஆதரவு முடிந்துபோன அதன் பழைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ் கோடைக் கையில் கொடுக்கும் இடங்கள் உண்டு. அது தெரிந்தே சேர்ந்தால் தவறில்லை, மைக்ரேஷன் வேலை (பழையதைப் புதியதற்கு மாற்றுவது) சிலருக்குப் பிடிக்கும். இந்தக் கேள்விகளை எச்.ஆரிடம் கேட்டுப் பயனில்லை. சேரப்போகும் குழுவில் இருக்கும் ஒரு இன்ஜினியரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "உங்கள் ஸ்டாக் என்ன?" என்று கேட்டால் இணையதளத்தில் இருக்கும் பதிலே திரும்ப வரும். "போன மாதம் நீங்கள் எழுதிய கோட் பெரும்பாலும் எந்த மொழியில்?", "அந்த மொழியைத் தேர்ந்தெடுத்தவர் இன்னும் இங்கே இருக்கிறாரா?", "எனக்குத் தரப்போகும் முதல் வேலை எந்த ரெப்போவில்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ரெப்போ பெயரோடு பதில் வந்தால் கையெழுத்துப் போடலாம். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், குழுவையும் வேலையையும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிவிட்டு, மற்ற நிறுவனங்களோடு நடக்கும் பேச்சை நிறுத்தாமல் இருங்கள்.